வடிகட்டியில் நின்றது

அடையாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே, கரையோரம் கட்டியிருந்த பாய்மரப் படகுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எஞ்சின் பார்க்கும் ஷாஹுல் ஹமீது, ராயப்பேட்டைக்காரர். மற்றவர் சுக்கான் பிடிக்கும் வேதநாயகம், சாந்தோம் குப்பத்துக்காரர். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் மயிலாப்பூர் வக்கீல் சுப்பராயன் வாங்கிய பழைய படகு அது. காற்று விழுந்துவிட்டால் கைகொடுக்கச் சின்னதாக ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின் உண்டு. போன மாதம் முகத்துவாரத்தில் அந்த எஞ்சின் இருமி நின்றது. படகு மணல்திட்டில் ஏறிக்கொண்டது. வக்கீலின் மூக்குக்கண்ணாடி கடலோடு போயிற்று.

எஞ்சின் நின்றதால்தான் படகு திட்டில் ஏறியது என்றார் வேதநாயகம். படகு திட்டில் மோதிய குலுக்கலில் எண்ணெய்த் தொட்டியின் கசடு கிளம்பி அடைத்ததால்தான் எஞ்சின் நின்றது என்றார் ஷாஹுல் ஹமீது. வக்கீல் இருவரையும் கேட்டுவிட்டு, "வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். கசடு இருந்தால் வேதநாயகம் வேலையை விட்டுப் போகட்டும். இல்லையென்றால் ஷாஹுல் போகட்டும்" என்றார். இப்போது கரையில் குடை பிடித்து நின்றிருந்தார். அங்கிருந்து படகின் உள்ளே எதுவும் தெரியாது.

ஷாஹுல் ஹமீதுக்குக் கசடின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. யுத்த காலத்தில் வடிகட்டிக்குள் வைக்கும் கம்பளி வட்டு கிடைக்காமல் போனபோது, தன்னுடைய பழைய சிவப்புத் துருக்கிக் குல்லாவை வெட்டித்தான் அதில் வைத்திருந்தார். ஒன்று போதாதென்று இரண்டாக அடுக்கினார். அந்த இரண்டாவது வட்டுதான் எண்ணெயை மறித்து எஞ்சினை நிறுத்தியதோ என்று எத்தனையோ இரவு புரண்டிருக்கிறார்.

தொட்டியின் குழாயை அடைத்தார். வேதநாயகம் கேட்காமலே ஒரு தகரத் தட்டைக் கீழே பிடித்தார். மரையைத் தளர்த்தியதும் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணம் கையோடு வந்தது.

கிண்ணத்தின் அடியில் கசடு இல்லை. சிவப்பு வட்டின்மேல் மஞ்சளாக, பிசின்போல ஒரு ஆடை படிந்திருந்தது. ஷாஹுல் விரலால் தொட்டார். இழுத்தால் நூலாக வந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. படகுப் பலகைக்குப் பூசும் மீனெண்ணெய்.

வேதநாயகம் தகரத் தட்டைக் கீழே வைத்தார்.

"மண்ணெண்ண வாங்க எம் பொண்டாட்டி தேசம்மா குட்த்த டின்னு பாய்," என்றார் தணிந்த குரலில். "சாம்பல் போட்டு நல்லா தேச்சு கய்வினேன்னா. நானும் நம்பிட்டேன்."

"மீனெண்ணெய் டின்னு சாம்பலுக்கு அடங்குமா நைனா?"

"வூட்ல சொன்னா எதிர்த்துப் பேச முடியுமா? உனுக்கு முடியுதா?"

ஷாஹுல் ஹமீது வட்டைத் திருப்பிப் பார்த்தார். குல்லாவில் குற்றமில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. இறங்கியதும், எதிரில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார். தன் முகமும் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தண்ணீர் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இருக்கு?" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

"கசடு இல்லீங்க. மீனெண்ணெய் கலந்து அடைச்சிருக்கு," என்றார் ஷாஹுல்.

"யார் கலந்தது?"

"டின்னு அவரு வூட்டுது. அதைத் தொட்டியில ஊத்துனது நானு. துணி வச்சு வடிக்கணும், வடிக்கல. ஜலதோஷம், வாசமும் தெரியல."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லும்வரை, தன் கைதான் ஊற்றியது என்பது அவருக்கே நினைவில் இல்லை.

வக்கீல் குடையை மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அப்படியானால் கசடு இல்லாததற்கு ஷாஹுல், டின்னுக்கு வேதநாயகம் என்று இரண்டு பேரும் போகணுமே" என்றார்.

"போறோம் சாமி," என்றார் வேதநாயகம். "நீங்களே சுக்கானப் புட்ச்சிக்கினு, நீங்களே எஞ்சினயும் பாத்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் கரையில குந்திக்கினு வேடிக்க பாக்குறோம்."

ஷாஹுலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கிண்ணத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து புது வட்டை எடுத்து வைத்தார். ஒன்றே ஒன்று. தொட்டியில் இருந்ததையெல்லாம் வடித்தெடுத்து, புது மண்ணெண்ணெயைத் துணிவழியே ஊற்றினார். துணியின் மறுமுனையை வேதநாயகம் பிடித்துக்கொண்டார். வடிகட்டியின் மூடி இறுகுமுன் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறிக் குமிழிகள் ஓயும்வரை இருவரும் பார்த்திருந்தார்கள்.

எஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது.

வக்கீல் குடையை மடக்கினார். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்துவந்தார். வேதநாயகம் கைநீட்டி அவரை மேலே ஏற்றினார்.

"முகத்துவாரம் வரைக்கும்," என்றார் வக்கீல், யாரையும் பார்க்காமல்.

"புதுக் கண்ணாடியக் கயட்டி மடியில வச்சிக்குங்க சாமி," என்றார் வேதநாயகம். ஷாஹுல் ஹமீது கயிற்றை அவிழ்த்தார்.