காஸ்பர் ஆன்டரெக்கின் வியர்வை

1961-ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து காஸ்பர் ஆன்டரெக்குக்கு வியர்வைக்குப் பதிலாகத் திராட்சை மது வடியத் தொடங்கியது. முற்றிய மது அல்ல. பாதி பொங்கி, கலங்கி, நுரைத்து, அந்த ஏரிக்கரை முழுக்க இலையுதிர் காலத்தில் குடிக்கிறார்களே, அந்தச் சௌசர். அறுவடைக் கூடையை முதுகில் சுமந்து மேட்டில் ஏறியவனின் காதோரம் நுரை கட்டியிருந்ததை முதலில் பார்த்தவர்கள், பழம் பறித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள். ஒருத்தி விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, சௌசர்டி!" என்றாள். மாலைக்குள் வின்ஸ்லிகன் கிராமம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே வாரம்தான் பெர்ன் ரயில் இனி நான்கு நிமிடம் முன்னதாகப் புறப்படும் என்ற அறிவிப்பும் வந்திருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

காஸ்பரின் மனைவி ஹுல்டாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது துவைக்கிற வேலைதான். செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பரில் குளிர் இறுகும்வரை, ஏழு வாரம், வீடு புளித்த நாற்றம் அடித்தது. காஸ்பர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. சட்டைப் பொத்தான்கள் துளைகளில் ஒட்டிக்கொண்டு கத்தியால் நெம்பினால்தான் கழன்றன. பழ ஈக்கள் சூப்பில் விழுந்தன, விளக்கில் விழுந்தன, அவள் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால் வாயிலும் விழுந்தன. ஒருநாள் காலையில் அவன் தலையணையில் பதினொரு நத்தைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, தன் படுக்கையை மாடி அறைக்கு மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஏழு வாரம் அவள் அங்கேதான் படுத்தாள்.

ஊருக்கோ அது விழாவாகிவிட்டது. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, திராட்சை வளர்ப்போர் சங்கம் காஸ்பருக்கு இரண்டு கம்பளி மேலங்கி மாட்டி, படகுத்துறையிலிருந்து ரீடன்பர்க் கோட்டைவரை நடத்திக் கூட்டிப்போகும். ஏரிக்கரையோரம் ஒரு மணி நேரம், திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஏற்றம், கடைசியில் கோட்டைப் படிகள். பெர்னிலிருந்தும் பாசெலிலிருந்தும் ஆட்கள் கழுத்தில் கண்ணாடிக் குவளையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். இடது முழங்கையில் சொட்டுவது ஊர்க்காரர்களுக்கு, வலது முழங்கையில் சொட்டுவது வெளியூர்க்காரர்களுக்கு, மூக்கு நுனியில் சேர்வது சீமாட்டிகளுக்கு என்று முறை இருந்தது. அக்குளில் வடிவது தகரப் புனல் வழியாக ஒரு ஜாடியில் சேரும். அது கோட்டையில் காத்திருக்கும் பிரமுகர்களுக்கு மட்டும். குடித்தவர்கள் கண்ணை மூடி, "ஆஹா, இந்த வருஷம் பிரமாதம்!" என்பார்கள். மொட்டைத் தலையர் ஒருவர் குவளை கொண்டுவர மறந்து காஸ்பரின் மணிக்கட்டை நேராகவே நக்கியதை ஹுல்டா ஒரு வருடம் பார்த்தாள்.  பதினெட்டு ஆண்டுகள் அவள் கூட்டத்துக்குப் பின்னால் நடந்தாள். ஒரு சொட்டுகூட உதட்டில் பட விட்டதில்லை.

காஸ்பர் ஏன் ஒத்துக்கொண்டான் என்பதில் மர்மம் எதுவுமில்லை. மூன்றாவது மகனாகப் பிறந்ததால் அவனுக்கு என்று ஒரு திராட்சைக் கொடிகூட இல்லை. பிறர் தோட்டத்தில் கூடை சுமந்த இருபது வருடத்தில் அவனை உட்காரச் சொல்லி ஒரு பெஞ்சில் இடம் விட்டவர் கிடையாது. இப்போது ஊரே அவன் முழங்கையைப் பார்த்துக்கொண்டு நடந்தது.

1979 ஆகஸ்டில் பீல் நகரத்து டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மெதுவாக நடந்தால் பிழைப்பான், வேகமாக ஏறினால் செத்துப்போவான் என்று வேறெந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொன்னார். ஹுல்டா நேராகச் சங்கத் தலைவர் எமில் டோய்ச்சின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இந்த வருஷம் வேண்டாம், தலைவரே. அந்த மனுஷன் செத்துருவான்."

"அட, என்னம்மா நீ! மூணு மணி பத்து நிமிஷ நடை. அது நடையா, உலா. பால்காரன் பசுகூட ஏறிரும்."

"அந்த மூணு மணி பத்து நிமிஷத்துல ஒரு நிமிஷம் குறையக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பலகையில என்ன போட்டிருக்கோ அதுதான். நம்ம ஊர்ல அதுக்கு மேல சத்தியம் உண்டா?"

அவர் சொன்னது உண்மைதான். அந்த நாட்டில் நடைபாதைகளின் மஞ்சள் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. படகுத்துறைப் பலகையில் 'ரீடன்பர்க் 3 மணி 10 நிமிடம்' என்று இருந்தது. ஊர் அந்த நேரத்தில்தான் நடந்தது. ஒரு நிமிடம் முந்தினால் தற்பெருமை, ஒரு நிமிடம் பிந்தினால் சோம்பல். ஆனால் விழாவுக்கு முந்தைய புதன்கிழமை யாரோ ஒரு ஆள் வந்து துருப்பிடித்த பழைய பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போனான். புதிய பலகையில் '2 மணி 10 நிமிடம்' என்று இருந்தது. பாதை சுருங்கவில்லை. மலையும் குனியவில்லை. மூன்றுக்குப் பதில் இரண்டு விழுந்துவிட்டது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பலகை தவறு என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. இத்தனை காலம் தாங்கள்தான் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று வின்ஸ்லிகன் வெட்கப்பட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் மூடுபனி ஏரியை மூடியிருந்தது. எமில் டோய்ச் கையில் கடிகாரத்தோடு, "பதினொண்ணு பத்துக்குக் கோட்டை வாசல்ல இருக்கணும்" என்றார். கூட்டம் கிளம்பியது. நாணல்களைத் தாண்டி, வால்நட் மரங்களைத் தாண்டி, உதிர்ந்த இலை பூட்ஸில் சேறாக ஒட்ட, அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். தோட்டத்துக்குள் நுழைந்தபோது பனி விலகி வெயில் அடித்தது. பழம் தின்னும் பறவைகளை விரட்டும் வெடி ஒவ்வொரு மேட்டிலும் வெடித்தது. கொடிகள்மேல் விரித்த வலையில் சிக்கி அழுகிய குருவி ஒன்று முகத்துக்கு நேராகத் தொங்கியது. அதை விலக்கக்கூட ஒருவரும் நிற்கவில்லை. காஸ்பர் அதுவரை எந்த ஆண்டும் வடியாத அளவு வடிந்தான். கழுத்திலிருந்து நுரை இறங்கி இடுப்பு வாரில் தேங்கியது. பின்னால் நூற்றுக்கணக்கில் குளவிகள். பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டே ஒருத்தி கடுகுச் சாந்து ஒட்டிய விரலால் அவன் முதுகை வழித்துக் குவளையில் தட்டினாள்.  ஹுல்டா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவனருகே போனாள்.

"காஸ்பர், நில்லு. திரும்பிப் போயிரலாம்."

"விடு ஹுல்டா, ஜனங்க பாக்கறாங்க."

"அவங்க உன்னையா பாக்கறாங்க? உன் முழங்கையைப் பாக்கறாங்கடா! தலைவரே, பலகை தப்பு. ஒரு மணி நேரம் கொறச்சுப் போட்டிருக்கான்."

எமில் டோய்ச் மூச்சிரைத்தபடி, உண்மையாகவே புரியாமல் திரும்பிப் பார்த்தார். "பலகை எப்படிம்மா தப்பாகும்?"

கோட்டைப் படிகளின் அடியில் மணி பதினொன்று ஆறுக்குக் காஸ்பர் விழுந்தான். நாற்பது குவளைகள் நீண்டன. ஒரு சொட்டும் வரவில்லை. அவன் தோல் காய்ந்த வைக்கோல்போல ஆகிவிட்டது, உதடு நீலம். கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு இரண்டு பேர் குனிந்து, கம்பளி மேலங்கியை மெல்லக் கழற்றினார்கள். காற்று படட்டும் என்றுதான் செய்கிறார்கள் என்று ஹுல்டா நினைத்தாள். அவர்கள் அதைத் துணி பிழிவதுபோல முறுக்கி, அடியில் குவளையை வைத்தார்கள்.

"த்தூ! மனுஷங்களா நீங்க?" என்று அவள் கத்தியதில் மேலே கோட்டைச் சுவரில் இருந்த புறாக்கள் பறந்தன. "அவன்கிட்ட எடுத்ததை அவனுக்குத் திருப்பிக் குடுங்க. உள்ளே ஈரமே இல்லாமப் போயிருச்சு."

குவளைகளைப் பார்த்தார்கள். எல்லாம் காலி. ஜாடி மட்டும் நிறைந்திருந்தது. எமில் டோய்ச் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது பிரமுகர்களுக்கும்மா, மேல உக்காந்திருக்காங்க" என்றார். ஹுல்டா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜாடியைப் பிடுங்கினாள். நத்தைகளைப் பிடுங்கிய அதே விரல்களுக்கு அது பெரிய வேலையாக இல்லை. காஸ்பரின் பல் கிட்டிப்போயிருந்தது. ஊற்றினால் மோவாயில் வழிந்தது. வேறு வழி இருக்கவில்லை. அக்குளில் வடிந்த அந்தக் கலங்கலை, மேலே ஒரு குளவி மிதக்க, ஹுல்டா தன் வாய் நிறைய எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. குடல் தொண்டைக்கு வந்தது. அதை அங்கேயே அடக்கிக்கொண்டு, அவன் தாடையை இரண்டு கையாலும் நெம்பித் திறந்து, வாயோடு வாய் வைத்து ஊட்டினாள். இப்படி ஒன்பது முறை. ஜாடி காலியானது. வாயில் மிச்சமிருந்ததை எமில் டோய்ச்சின் காலருகே துப்பினாள்.

"இதையா பதினெட்டு வருஷமா பிரமாதம்னு குடிச்சீங்க? ஈர நாயைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு! மட்டம். படுமட்டம்!"

 பாசெலிலிருந்து வந்த தபால்காரர் ஒருவர், தமக்கு ஒவ்வொரு முறையும் மூன்று நாள் வயிற்றுப்போக்கு என்றும், மற்றவர்கள் பாராட்டியதால் தாமும் பாராட்டியதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். பக்கத்தில் நின்றவர் தனக்கு நான்கு நாள் என்றார். சீமாட்டி ஒருத்தி, முதல் வருடத்திலிருந்தே கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். எமில் டோய்ச் தன் குவளையைக் கழுத்திலிருந்து கழற்றினார். அப்போது தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னது, மட்டமா?"

காஸ்பர் கண்ணைத் திறந்திருந்தான். கோபத்தில் அவன் நெற்றி லேசாக நுரைக்கத் தொடங்கியிருந்தது.

"ஆமா, மட்டம்தான்" என்றாள் ஹுல்டா. "அதனால இனிமே ஒருத்தனும் கேக்க மாட்டான். எழுந்திருக்காதே, படு."

அவன் அவளோடு பதினேழு நாள் பேசவில்லை. பிறகு பேசினான். சங்கம் அடுத்த ஆண்டிலிருந்து விழா ஞாயிறன்று பித்தளை வாத்தியக் குழு ஒன்றை வரவழைத்துக்கொண்டது. பலகையை எவரும் மாற்றவில்லை. வின்ஸ்லிகன்காரர்கள் இன்றும் இரண்டு மணி பத்து நிமிடத்தில் கோட்டைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்து வாசலில் வாந்தி எடுக்கிறார்கள்.

காஸ்பரும் ஹுல்டாவும் அக்டோபரில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை கோட்டைக்குக் கிளம்புவார்கள். ஐந்து மணி நேரம் ஆகும். கம்பளி மேலங்கி இல்லை, மெல்லிய சட்டைதான். வழியில் பாறைச் சுவரில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பார்கள். அவள் எப்போதும் காற்று வீசும் பக்கமாக, அவனிடமிருந்து மூன்று முழம் தள்ளி உட்காருவாள். அவர்கள் கடைசியாகப் போனபோது அவனுக்கு வயது எழுபத்தொன்று. கோட்டைக் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார். கூரை ஒழுகும் இடத்தில் வைக்கிற வாளியைக் காலால் நாற்காலியின் அடியில் தள்ளிவிட்டு, நாளைக்கு மழை வருமா என்று ஹுல்டாவிடம் கேட்டார். வராது என்று அவள் சொன்னாள்.