ஆடும் பல்லுக்கு ஒரு முடிச்சு

யாராவது கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "சின்ன ரிப்பேர்தான்" என்று நீட்டினால் போதும், தையல்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உச்சுக்கொட்டுவார். "உள்துணி மொத்தமும் இத்துப்போச்சே!" என்பார். பாதி நாள் அது பச்சைப் பொய். இப்படிப் பிழைப்பு நடத்துகிற மனிதர் ஒரு பல் டாக்டரை எப்படி நம்புவார்?

அவருக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. ஈறு வீங்கி, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம். நூலைக் கடித்து அறுப்பதும், குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொள்வதுமாகக் காலம் தள்ளியவருக்கு முன்பல் என்பது கத்தரிக்கோல் மாதிரி ஒரு சாமான். அது போய்விடுமோ என்று உள்ளுக்குள் உதறல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் கடைத்தெரு முனை கிளினிக்குக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் எடுத்த எடுப்பிலேயே, "பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்றாள்.

"இல்லம்மா. இருந்தா அத்தனை பல்லையும் பிடுங்கிடுவீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளே டாக்டர் வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டுப் படம் பிடித்து, திரையில் பெரிதாகக் காட்டினார். "ஈறுக்குள்ள காரை படிஞ்சிருக்கு. நாலஞ்சு தடவை வந்து சுத்தம் பண்ணிக்கிட்டா இந்தப் பல்லைக் காப்பாத்திடலாம்" என்றவர், கூடவே உச்சுக்கொட்டினார்.

அது ஒன்று போதாதா? தையல்காரர் உஷாராகிவிட்டார். திரையில் தெரிவது தன் வாய்தானா, இல்லை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற ஒரே படமா? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

"என் தலையில மிளகாய் அரைக்கப் பாத்தாரு" என்றார் மனைவியிடம். "காரையைச் சுரண்டினா மத்த பல்லும் ஆடும். அப்புறம் அதுக்கொரு வைத்தியம்பாங்க."

"அப்போ பல் காலேஜுக்குப் போங்களேன். இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்குக் கம்மியா பாக்கறாங்களாம்."

"கம்மியாவா? அதுல ஏதோ இருக்கு. படிக்கிற பிள்ளைங்க கத்துக்க என் வாய்தான் கிடைச்சுதா?"

பட்டன் ஆடினால் என்ன செய்வோம்? இறுக்கிக் கட்டுவோம். கண்ணாடி முன் நின்று, பல் நிறத்துக்கு ஒத்துப்போகும் கெட்டி நூலாகப் பார்த்து எடுத்தார். ஆடும் பல்லைச் சுற்றி, பக்கத்திலிருந்த உறுதியான பல்லுக்கு இழுத்து, அதில் இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு அவருடைய கைக்கே உரியது. அவர் தைத்த பட்டன் கழன்றதாக யாரும் திரும்பி வந்ததில்லை. பல் ஆட்டம் நின்றது. அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாதங்கள் போயின. அளவு கொடுக்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரன்தான் ஏதோ பற்ற வைத்துவிட்டான் என்று அவனை முறைத்துக்கொண்டு திரிந்தார். வீட்டில் மனைவி தள்ளிப் படுத்தாள். அதற்கும் அவள் தங்கைதான் ஏதோ ஓதிவிட்டாள் என்று சந்தேகப்பட்டார். தன் வாய் நாறுகிறது என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவே இல்லை. ஒரு காலையில் தாடை வீங்கி, ஈறிலிருந்து சீழ் வடிந்தபோது, மனைவி அவரைப் பல் காலேஜுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாணவி ஒருத்தி படம் பிடித்துத் திரையில் காட்டினாள்.

"இது யார் வாயிம்மா?" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். சிவந்த ஈறுக்குள் பாதி புதைந்து ஒரு முடிச்சு தெரிந்தது. இரட்டைச் சுற்று. அதை உலகத்தில் வேறு எவனும் போட முடியாது.

"இதை யாரு அங்கிள் கட்டினது?"

முனை கிளினிக் டாக்டர் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். "நான்தாம்மா" என்றார்.

அவள் திட்டவில்லை. "ஆடற பல்லை நாங்களும் கட்டத்தான் செய்வோம். ஆனா காரையை எடுத்துட்டு, ஈறுல படாம, மெல்லிசு கம்பியால. உங்க ஆடற பல்லுல காரை மேடு தட்டியிருந்துச்சா, நூல் அதுலயே நின்னுடுச்சு. பக்கத்துப் பல்லு சுத்தமான பல்லு. அதுல நூல் வழுக்கி உள்ள இறங்கிடுச்சு. எலும்பையே கரைச்சிடுச்சு அங்கிள்."

ஊசி போட்டார்கள். இரண்டு பல்லுக்கும் நடுவே நூலை வெட்டினாள். பல்லைப் பிடுங்க அவள் சிரமப்படவே இல்லை. லேசாகத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"ஆடிக்கிட்டிருந்த பல்லு தப்பிச்சுக்கும். இந்தப் பக்கத்துப் பல்லைத்தான் காப்பாத்த முடியல" என்றாள்.

தட்டில் கிடந்ததைப் பார்த்தார். சொத்தை இல்லை, காரை இல்லை, பழுதென்று சொல்ல ஒரு புள்ளி இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவர் தன் கையை ஒரு நாளும் சந்தேகப்படவில்லையே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேரைச் சுற்றி அவர் போட்ட முடிச்சு கொஞ்சமும் தளராமல் இறுகிக் கிடந்தது.