உச்சி வெயிலில் எடுத்த படம்

1931ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மொட்டப்பாறைப்பட்டியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்திற்குள் ஒன்பது ஆண்கள் ஏழு ஆண்டுகள் அரிவாளால் வெட்டிக்கொண்டார்கள். அவர்களுள் நால்வர் அதில் மாண்டனர். மூவர் படத்தின் ஓரத்தைத் தாண்டி ஓடிப்போயினர். எஞ்சிய இருவரான விருமாண்டியும் மலையாண்டியும் பங்காளிகள். அக்காள் தங்கையை மணந்தவர்கள். படத்தை எடுத்தவர் அந்தப் பெண்களின் உடன்பிறந்த தம்பி கண்ணுச்சாமி. அவர் மிகவும் மரியாதை தெரிந்தவர், ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறையாகும்.

கண்ணுச்சாமி பத்து வயதில் தாய்மாமனோடு கண்டிக்குப் போனவர். அங்கே பாதிரிமார் பள்ளியில் படித்து, ஒரு படக்கடையில் வேலைக்கு அமர்ந்து, முப்பதாவது வயதில் மூன்று கால் தாங்கியும் மரப்பெட்டிக் காமிராவுமாக அக்காள்களைப் பார்க்க மதுரைக்கு வந்து இறங்கினார். மலைக்குளிரில் வாழ்ந்தவருக்கு இந்த ஊரின் வெயில் வியப்பாக இருந்தது. வைகையில் மணலைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. கண்டியில் உள்ள நண்பர்களுக்குக் காட்டலாம் என்று அந்த மணலைப் படம் எடுத்தார். கோரிப்பாளையத்தில் நெற்றியில் ஈரச்சாக்கு கட்டிய வண்டிமாடுகளையும், திருப்பரங்குன்றத்தில் பாறையடியில் புகை விட்டு நின்ற ரயிலையும், கீழக்குயில்குடி மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளில் வரிசையாகப் படுத்து அசைபோட்ட வெள்ளாடுகளையும் எடுத்தார். இவற்றால் ஒரு தீங்கும் விளையவில்லை. வைகை மணல் படத்தை மாட்டிய கண்டி வீட்டில் மட்டும், மழைக்காலத்திலும் அந்தச் சுவர் சுட்டது. வீட்டுக்காரர்கள் அதன் எதிரே கொடி கட்டித் துணி உலர்த்திக்கொண்டார்கள்.

கண்டிக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், இரு மச்சான்களையும் அவர்களுடைய பங்காளிகளையும் சேர்த்து ஒரு படம் எடுக்க அவர் விரும்பினார். ஒன்பது பேர் கோயில் பொட்டலில் உச்சிவேளையில் கூடினார்கள். வெறுங்கையாக நின்றால் பார்ப்பவர்களுக்குச் சுவையாக இராது என்று கண்ணுச்சாமிக்குத் தோன்றியது.

“மச்சான், ஆளுக்கொரு அருவாளப் பிடிச்சுக்கிட்டா நல்லா இருக்கும். கண்டியில இதையெல்லாம் யாரும் பாத்ததில்ல,” என்றார்.

“வெறகு வெட்டுறாப்புல பிடிக்கவா, ஆள வெட்டுறாப்புல பிடிக்கவா மாப்ள?” என்று விருமாண்டியின் சித்தப்பன் மகன் சோணை கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஓடிப்போய் ஊரில் இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால் என்பது படக்கடைகளின் விதி. ஒன்பது பேரில் மலையாண்டியே குட்டை. விருமாண்டி எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். ஆகவே கண்ணுச்சாமி மலையாண்டியை நாற்காலியில் அமரச் சொல்லி, விருமாண்டியைப் பின்வரிசையில் கடைசியாக நிறுத்தினார். விருமாண்டி மூத்த வகையறாவின் தலைவர் என்பதும், மலையாண்டி இளைய வகையறா என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கருப்பசாமி கோயிலில் மூத்த வகையறா திருநீறு வாங்கிய பிறகே இளைய வகையறா கை நீட்டும் என்பதும், விருமாண்டி உட்காராத இடத்தில் மலையாண்டி வெறுந்தரையில்கூட உட்காரமாட்டார் என்பதும் தெரியாது. பத்து வயதில் ஊரைவிட்டுப் போனவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. தெரிந்த ஒன்பது பேரும் வாய் திறக்கவில்லை. விருந்துக்கு வந்திருக்கும் பெண்ணெடுத்த வீட்டு மைத்துனரை மறுத்துப் பேசுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

மலையாண்டி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“ஒக்காருப்பா, அதுக்கென்ன? மண்ட காயுது, சீக்கிரம் முடியட்டும்,” என்றார் விருமாண்டி. சொன்னபோது அவர் சிரித்தார். ஆனி மாதம் தபாலில் வந்து சேர்ந்த படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

கண்ணுச்சாமி தங்கியது மலையாண்டியை மணந்த இளைய அக்காள் பாண்டியம்மாள் வீட்டில் என்பதால் படமும் அந்த வீட்டுக்கே வந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் ஏறியது. வந்த மூன்றாம் நாள் உச்சிவேளையில், பின்வரிசையில் நின்ற விருமாண்டி முன்வரிசைக்கு வந்தார். நாற்காலியில் இருந்த மலையாண்டியின் தோளில் அரிவாளை இறக்கினார். அதே வேளையில், அரை மைல் தள்ளி ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த மலையாண்டியின் தோள் எலும்பு தெரியப் பிளந்தது. விருமாண்டி அப்போது தம் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சீனியம்மாளே அதற்குச் சாட்சி.

அன்று மாலை விருமாண்டி பச்சிலை அரைத்து எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். “படத்துல கொஞ்சம் ஓங்கிட்டேன் போல தம்பி. வலிக்குதா?” என்று கேட்டார்.

“பரவாயில்லண்ணே. நான் எந்திரிக்கிறதுக்குள்ள வந்துட்டீக,” என்றார் மலையாண்டி.

வெளியே இருவருக்கும் இடையில் ஒரு கடுஞ்சொல்கூட எழவில்லை. ஒருவர் காளையை மற்றவர் ஏரில் பூட்டினார். நாற்காலியைப் பற்றி விருமாண்டி எவரிடமும் பேசியதில்லை. பேசுவது தம் தகுதிக்குக் குறைவு என்று அவர் கருதியிருக்கக்கூடும்.

படம் வெயில் கொளுத்தும் நாட்களில் மட்டும், உச்சிவேளையில், ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்திற்கு அசையும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும்போது அசையாது. அப்போது காயங்கள் ஆறும். மாசி பிறந்தால் மீண்டும் தொடங்கும். மதுரைப் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லாததால் சண்டைக்கும் பஞ்சமில்லை. முதல் கோடையிலேயே படத்துக்குள் ஒன்பது பேரும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். 1932இல் மலையாண்டியின் தம்பி வீரணன் படத்தில் சோணையின் வயிற்றைக் கிழித்தான். பருத்திக்காட்டு வரப்பில் தனியாக நடந்துவந்த சோணை, குடலைத் துண்டால் அள்ளிக் கட்டிக்கொண்டு வீடு வரை வந்து இறந்தான். விசாரிக்க வந்த தலைமைக் காவலர் உச்சிவேளை வரை இருந்து படத்தை நேரில் கண்டு, அரிவாள் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதால் கைப்பற்ற இயலவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மறு ஆண்டு மூத்த வகையறாவின் நல்லகாமன் படத்தில் வீரணனின் கழுத்தை அறுத்தான். அதற்கடுத்த ஆண்டு நல்லகாமனும், அவனைக் கொன்றவனும் ஒரே நாளில் போனார்கள். சின்னான் என்பவன் பயந்து படத்தின் இடது ஓரத்தை நோக்கி ஓடி, சட்டத்துக்கு அப்பால் மறைந்தான். கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த சின்னான் அந்த நொடியிலிருந்து காணப்படவில்லை. கயிறும் வாளியும் உள்ளே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னும் இருவர் அவ்வாறே சென்றனர். அவர்களுடைய மனைவியர் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஊரில் இன்றுவரை முடிவாகவில்லை.

படத்தை அழிக்க முயலாமல் இல்லை. ஒருமுறை பாண்டியம்மாள் அதன் கீழ்மூலையை அடுப்பில் வைத்தாள். அப்போது உயிரோடிருந்த ஏழு பேரின் உள்ளங்கால்களும் ஒருசேரக் கொப்பளித்தன. கத்திக்கொண்டு வெளியே எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் உச்சிவேளையில் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தின் முன் உட்காருவாள். சீனியம்மாளும் வந்து பக்கத்தில் உட்காருவாள். இருவரும் தத்தம் கணவரைப் பார்த்திருந்து, நேரம் கழிந்ததும் எழுந்து, ஒருத்தி மஞ்சளும் மற்றொருத்தி வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். மலையாண்டி உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்பதைத் தவிரப் பாண்டியம்மாளுக்கு அந்த ஏழு ஆண்டுகளில் வேறு விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

1938 சித்திரையில் கண்ணுச்சாமி மீண்டும் வந்தார். பாண்டியம்மாள் அவருக்குத் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்த பிறகே ஏசத் தொடங்கினாள்.

“ஏன்டா, ஒனக்குக் காட்ட எங்க ஊருல வேற ஒண்ணுமே இல்லையா? ஆளுக்கொரு அருவாளக் குடுத்து நிப்பாட்டிட்டு நீ பாட்டுக்குக் கப்பலேறிப் போயிட்ட. நான் தெனமும் மத்தியானம் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்டா!”

அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாளே காமிராவைப் பொட்டலில் நிறுத்தி, விருமாண்டியை நாற்காலியில் அமர்த்தி, மலையாண்டியைப் பின்னால் வெறுங்கையோடு நிற்கவைத்து, புதிதாக ஒரு படம் எடுத்து, நகரத்துக் கடை ஒன்றில் கழுவிக்கொண்டு வந்தார். புதிய படத்தில் இருவரும் நல்ல முறையில் அசையாமல் இருந்தார்கள். பழைய படத்துக்கு அது தெரியவில்லை. புதிய படம் வந்த அன்று உச்சிவேளையில், பழைய படத்தில் விருமாண்டி இடது கையால் மலையாண்டியின் தலைமுடியைப் பற்றி, நாற்காலியின் முதுகின்மேல் கழுத்தைச் சாய்த்து, வலது கையை அரிவாளோடு முழு உயரத்துக்கு ஓங்கினார். அத்துடன் நேரம் முடிந்து படம் நின்றது.

வெளியேயும் அப்படியே நின்றது. உழவுகாட்டில் மலையாண்டியின் தலைமுடி யாரும் பிடிக்காமலே ஒரு கொத்தாக மேலே எழுந்து நிற்க, அவர் கழுத்து பின்னால் மடிந்து முகம் வானத்தைப் பார்த்தது. அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விருமாண்டியின் வலக்கை மேலே ஓங்கியபடியும் இடக்கை இறுக மூடியபடியும் நின்றுவிட்டன. வாசல் இடித்ததால் அவர் குனிந்து, பக்கவாட்டில் நுழையவேண்டியிருந்தது. மாலையில் அந்தக் கோலத்திலேயே தம்பியைப் பார்க்க வந்தார்.

“என்ன செய்யச் சொல்ற தம்பி? கை எறங்க மாட்டேங்குது.”

“நாளைக்கு எறங்கிரும்ணே,” என்றார் மலையாண்டி, கூரையைப் பார்த்தபடி. பிறகு, “அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்,” என்றார்.

“எந்திரிச்சிருக்கலாம்,” என்றார் விருமாண்டி.

ஏழு ஆண்டுகளில் அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவே. பேசியும் கை இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்தது. ஒரு மேகத் துணுக்கும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் பாறையில் கால் வைக்க முடியவில்லை. சில பெண்கள் கோயில் பொட்டலில் தண்ணீரைக் கொட்டினார்கள். அது தரையில் படுமுன் ஆவியானது. பாண்டியம்மாள் கணவரின் கழுத்தைச் சுற்றி ஈரத்துணியை மடித்து மடித்துச் சுற்றினாள். பிறகு அதனால் பயன் இராது என்று உணர்ந்து அவிழ்த்தாள். கண்ணுச்சாமி சுவர் ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சிக்குச் சற்று முன்னதாகச் சீனியம்மாள் வந்தாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் தரையில் அடித்து உடைத்து, தாளை வெளியே எடுத்தாள். காய் நறுக்கும் அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு அமர்ந்தாள். ஓங்கிய கை படத்தின் மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

“அக்கா, என்ன செய்யப் போற?” என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

“பேசாம இருடி. கை ஆடிரும்.”

“அக்கா, அது மச்சான் கை.”

“ஏன், எனக்குத் தெரியாதா? இருபது வருசமா அந்தக் கைக்குத்தான் சோறு போட்டுக்கிட்டு வாரேன்.” அவள் தாளைக் கூர்முனையில் வைத்தாள். “ஒன் புருசன் தலை விழுந்தா நாளைக்கு எந்த மொகத்தோட ஒன் வீட்டுக்கு வாரது? எனக்கு வேற எங்கடி போக்கு இருக்கு?”

மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஒரு இழுப்பு. புளியங்கொட்டை அளவுத் துண்டு அரிவாளோடு தரையில் விழுந்தது. நான்கு வீடு தள்ளித் தம் முற்றத்தில் நின்ற விருமாண்டியின் வலக்கை முழங்கைக்கு மேல் அறுந்து, அடுப்புச் சாம்பலில் விழுந்து, விரல்களை இருமுறை மடக்கியது. இரத்தம் கூரையின் கீழ்க்கற்றை வரை தெறித்தது. சீனியம்மாள் ஓடிப்போய்க் காய்ச்சிய எண்ணெயில் காயத்தை அமிழ்த்தினாள். ஏற்கனவே அடுப்பில் வைத்துவிட்டுத்தான் அவள் புறப்பட்டிருக்கிறாள். விருமாண்டி பல்லைக் கடித்து அலறி ஓய்ந்த பிறகு, வெட்டியது யார் என்று கேட்டார். தான்தான் என்று அவள் சொன்னாள். அவர் தண்ணீர் கேட்டார்.

உச்சிவேளை வந்து போனது. படத்தில் ஓங்குவதற்குக் கை இல்லாததால் எதுவும் நிகழவில்லை. ஆனால் இடது கை மலையாண்டியின் முடியை விடவுமில்லை. அதையும் வெட்டிவிடலாமா என்று பாண்டியம்மாள் தயங்கித் தயங்கி ஒருமுறை கேட்டாள்.

“அவருக்கு ஒரு கையாவது இருக்கட்டும்டி,” என்றாள் சீனியம்மாள். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கண்ணுச்சாமி கண்டிக்குத் திரும்பித் தொழிலைத் தொடர்ந்தார். ஒவ்வொரு குடும்பத்திடமும் யார் உட்காரவேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டார். சில குடும்பங்கள் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டன.

விருமாண்டியின் இடது கை மூடியே இருந்ததால் சீனியம்மாள் அவருக்கு மூன்று வேளையும் ஊட்டினாள். மலையாண்டியின் முடிக்கொத்து எழுந்தே நின்றது. அண்ணன் எந்தத் திசையில் இருக்கிறாரோ அந்தத் திசைக்கு அது சாயும். சில ஆண்டுகளில் ஊரார் அதைப் பார்த்தே விருமாண்டி எந்தக் காட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள். முடி திருத்துபவர் மாதம் ஒருமுறை வந்து, பிடிக்குள் அகப்பட்ட முடியை விட்டுச் சுற்றிலும் சீராக வெட்டிவிட்டுப் போனார். கருப்பசாமி கோயிலில் திருநீறு கொடுக்கும்போது பூசாரி முதலில் விருமாண்டியின் மூடிய கையின்மேல் தூவுவார். பிறகு மலையாண்டிக்குக் கொடுப்பார். கோடை கடுமையாக இருக்கும் நாட்களில், உச்சிவேளை ஆனதும், விருமாண்டி வேலியருகே வந்து நின்று குரல் கொடுப்பார்.

“இறுக்கமா இருக்கா தம்பி?”

“இல்லண்ணே,” என்பார் மலையாண்டி. “இன்னைக்குப் பரவாயில்ல.”