ஹெல்காவின் வாரம்

சோமனூரில் தறி ஓட்டுகிறவன் நான். விடிவதற்குள் வாசல் கூட்டாவிட்டால் என் மனைவி மயிலாத்தாளுக்குக் காப்பி இறங்காது. ஜெர்மனியில் மகள் நித்யஸ்ரீ வேலை பார்க்கும் சின்ன ஊருக்குப் போன மறுநாளே விளக்குமாற்றைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

நாலாயிரம் பேர் இருக்கும் ஊர். தீயணைப்பிலிருந்து பேண்டு வாத்தியம் வரை எல்லாவற்றுக்கும் ஒரு சங்கம். கட்டடத்தின் வாசல் கூட்டக்கூட வாரம் ஒரு வீடு என்று முறை உண்டு. முறைக்காரர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் எட்டு மணி வரை தூங்குகிறவள்; அம்மா கூட்டுவது அவள் கண்ணில் படவில்லை.

மயிலாத்தாள் ஐந்து மணிக்கே கூட்டிவிடுவாள். கீழ்வீட்டு ஹெல்காவுக்கு எண்பத்திரண்டு வயது, தனியாக இருப்பவர். ஒன்பது மணிக்கு விளக்குமாற்றோடு வந்து, சுத்தமான வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். வயசானவருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்று மயிலாத்தாளுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஐந்தாம் நாள் ஹெல்கா கண் கலங்க வந்து கதவைத் தட்டினார். அந்த வாரம் அவர் முறையாம். அவருக்கு முடியவில்லை, வெளிநாட்டு அம்மா கூட்டுகிறார் என்று தெருவே பேசி, பேச்சு வெளியூர் மகன் காதுக்கும் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் இடம் கேட்டுவிட்டு அவன் சனிக்கிழமை வருகிறான். ஹெல்கா சொன்னதை நித்யஸ்ரீ தமிழில் சொல்லி முடித்தபோது எங்களால் தலை நிமிர முடியவில்லை.

"ஏனுங்க, நல்லது பண்றேன்னு அவிங்க ஊட்டையே புடுங்கிப்போட்டனேங்க" என்று மயிலாத்தாள் அழுதாள்.

சனிக்கிழமை காலை, தெருவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எதிர் பெஞ்சில் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். ஹெல்கா கூட்டத் தொடங்கினார். இரண்டு முறை படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். மயிலாத்தாள் எழப் பார்த்து, கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. மகன் காரிலிருந்து இறங்கி, அம்மா கடைசிப் படியைக் கூட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையிலிருந்த முதியோர் இல்லத் தாள்களைக் காருக்குள் வைத்தான்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டாருங்கப்பா" என்றாள் நித்யஸ்ரீ.

அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு. மாலையில் ஹெல்கா பலகையோடு மாடியேறி வந்தார். கதவில் மாட்டாமல் மயிலாத்தாள் கையில் கொடுத்தார்.

திங்கள் விடியலில் அவள் கீழே இறங்கினால், எதிர் பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹெல்கா உட்கார்ந்திருக்கிறார். விட்டுப்போன ஒரு மூலையை விரல் நீட்டிக் காட்டினார். மயிலாத்தாள் சிரித்தபடி அதைத் திரும்பக் கூட்டினாள்.