ஒரு வாய் பச்சைத் தண்ணீர்

தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குவளையை அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள் மகள். அவர் கண் அதன் பின்னாலேயே போயிற்று.

"ஒரே ஒரு வாய்மா. தாகத்துல உயிர் போகுது."

"சாப்பாட்டு வண்டி வரட்டும்ப்பா. பவுடர் அதுலதான் வருது. கலந்து தரேன்."

முதியோர் இல்லத்தின் லிஃப்ட் மக்கர் பண்ணியதால் மதியச் சாப்பாடு இன்னும் மேலே வரவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து வெறும் தண்ணீர் அவருக்கு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். போன மாதம் பாவம் பார்த்து ஒரு மடக்கு டீ கொடுத்தாள். அவர் முகம் நீலம் பாரித்தது. நர்ஸ் ஓடி வந்திராவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் லேசாகச் செருமினாலே இவள் நர்ஸைக் கூப்பிட ஓடுவாள்.

"அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். இவ்வளவு லேட்டா வந்திருந்தா ஜனங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கட்டில் இறங்கி ஓடி, பரிமாறுகிறவளிடம் கெஞ்சித் தட்டைக் கையோடு வாங்கி வந்தாள். விழுங்க முடியாதவர்களுக்குச் சிவப்புத் தட்டு. சிவப்புதானா என்று வழியிலேயே இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தினாள். அரைத்த காய்கறியைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டை ஏறி இறங்கும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தட்டோடு வந்த பவுடரைக் கலந்து கெட்டித் தண்ணீரை வாயில் வைத்ததும் அவர் முகம் சுளித்தார்.

"இது தண்ணியா, போஸ்டர் ஒட்டுற பசையா? பச்சைத் தண்ணி குடும்மா."

"நாளைக்கு டாக்டர்கிட்ட கேக்கறேன்ப்பா. சத்தியமா."

"நாளைக்கு" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் தட்டை அலசிவிட்டு வந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் வந்தாள், பின்னாலேயே டாக்டரும் வந்தார். அவர்கள் செய்வதையெல்லாம் செய்து ஓய்ந்தார்கள்.

"நான் ஊட்டினதாலயா டாக்டர்?"

டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்ணுமே இல்லம்மா. இதயம்தான் நின்னுருக்கு. நீங்க சரியாத்தான் குடுத்திருக்கீங்க."

சரியாகத்தான் கொடுத்திருந்தாள். அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது.

டாக்டர் போனதும் நர்ஸ் கட்டிலைத் தாழ்த்தக் குனிந்தாள்.

"வேண்டாம் சிஸ்டர். இப்பதான் சாப்பிட்டார். அரைமணி நேரம் உட்காரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

நர்ஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் உதட்டோரம் காய்கறி ஒட்டியிருந்தது. மகள் ஒரு துணியைக் குவளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். போதாதென்று முறுக்கி மறுபடியும் பிழிந்தாள். இனி ஒரு சொட்டும் வராது என்று உறுதியான பிறகே அதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.