காரணம் காணப்படவில்லை

கங்கம்மாள் விசில் ஊதியபோது காலை மணி பத்து பத்து. எனக்கு நேரம் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது பெரியவரே, பயந்து போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், வடக்குப்பட்டுக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முதல் மாடித் தளத்துக்குக் காங்கிரீட். மேலே எண்பது பேர். கீழே பலகையைத் தாங்கிக்கொண்டு நானூற்றுச் சொச்சம் இரும்பு ஜாக்கிகள். வெளியே ரெடிமிக்ஸ் லாரிகள் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு பென்னலூர் வரை நிற்பதாக வாட்ச்மேன் சொன்னான். நான் எண்ணியபோது பதினொன்று. காங்கிரீட்டில் ஒரு வசதிக்குறைவு உண்டு. தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. முக்கால் மணி நேரம் தாண்டினால் போட்டது இறுகிவிடும், அடுத்துப் போடுவது அதோடு ஒட்டாது. வெளியில் பார்க்க ஒரே தளமாகத் தெரியும். உள்ளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி இரண்டாகத்தான் கிடக்கும்.

அப்படிப்பட்ட வேலையை ஒரு சித்தாள் விசில் ஊதி நிறுத்த முடியுமா என்றால், எங்கள் சைட்டில் முடியும். சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து அது. அந்த ஒப்பந்தத்தை எழுதிய கூட்டுக் குழுவில் நானும் ஒருவன். நாற்பது வருடம் கம்பி கட்டியவன், இப்போது சங்கத்தின் கிளைச் செயலாளர். எங்கள் தரப்பில் நான்கு பேர், காண்டிராக்டர் தரப்பில் நான்கு பேர். முதல் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஆறு மணி நேரம் முறைத்துக்கொண்டதில் நடுவிலிருந்த மேஜை வளைந்துவிட்டது. அதனால் இனிமேல் கலந்து, ஒருவர் விட்டு ஒருவராக உட்காருவது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. என் பக்கத்து நாற்காலி சிவசங்கருக்கு வந்தது. சைட்டின் பிராஜெக்ட் மேனேஜர், சங்கரன்கோவில்காரர், என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளோடு சண்டை போடுவது சிரமம், கழுத்து வலிக்கும். இரண்டே வருடத்தில் அவர் மாமனாரோடு என்ன தகராறு என்று எனக்குத் தெரியும், என் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியும்.

ஷரத்து சொல்வது இவ்வளவுதான். சைட்டில் யாருக்கு ஆபத்து என்று பட்டாலும் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதலாம். ஊதினால் வேலை நிற்க வேண்டும். ஏன் ஊதினாய் என்று யாரும் அதட்டக் கூடாது; சங்கத்தில் ஒருவர், காண்டிராக்டர் தரப்பில் ஒருவர், கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து ஒருவர், மூவரும் போய்த் தேடிக் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதற்குச் சம்மதித்தார்கள், ஒரு வாலை ஒட்டவைத்து. ஆறு மாதத்தில் மூன்று முறை 'காரணம் காணப்படவில்லை' என்று எழுத நேர்ந்தால், ஏழாவது ஷரத்து ரத்து. மூன்றாவதாக ஊதியவருக்கு கேட் பாஸும் ரத்து.

இந்த ஆறு மாதத்தில் முதல் முறை அப்படி எழுத வைத்தவன், பலகை அடிக்கிற செண்ட்ரிங் மேஸ்திரி மண்ணாங்கட்டி. தளத்தில் பாம்பு. ஒன்பது அடி. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது கிளம்பிவிட்டது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருந்தது. இரண்டாவது முறை ஊதியது நான். காற்றில் ஏதோ அபாயம் இருப்பதாகச் சொன்னேன். பதினொரு மணி டீ பதினொன்றரை ஆகியும் வரவில்லை என்பதுதான் அந்த அபாயம் என்று சொல்லவில்லை. அந்தச் சில்லறைத்தனத்துக்கு வருந்துகிறேன். மூன்றாவது ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை, வந்தால் அது கங்கம்மாளிடமிருந்து வரும் என்று யாருமே நினைக்கவில்லை.

கங்கம்மாள் வடக்குப்பட்டுக்காரி. ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் ஒரு சித்தாளை வெளியே அனுப்பினால் இந்தப் பக்கத்தில் எந்த சைட்டிலும் கேட் திறக்காது. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. வேலைக்கு வருவதை ஒரு நாள் நிறுத்தினாலும் உடம்பு என்னை மறந்துடும் என்பாள். சங்கத்துக்காரனையும் நிர்வாகத்தையும் ஒரே தராசில் வைத்துத் திட்டுகிற ஒரே ஆள் அவள்தான். கூட்டுக் குழு வருவதற்கு முன்பே எங்களுக்குள் இருந்த ஒற்றுமை என்றால் அது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான்.

காங்கிரீட்டை மேலே ஏற்றுகிற பம்ப் நின்றது. எண்பது பேரும் நின்றார்கள். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஹேமந்த் ஏணியில் மேலே வந்தான். இருபத்தாறு வயதுப் பையன். பச்சை ஜாக்கெட்டைக்கூட இஸ்திரி போட்டு அணிகிறவன்.

"இன்னா கங்கம்மா, இன்னா பாத்த?" என்றேன். அதட்டக் கூடாது என்பதால் கொஞ்சலாகக் கேட்டேன்.

"ஊதணும்னு தோணிச்சி. ஊதினேன்."

"எங்க? எந்தப் பக்கம்?"

"கீய போய்ப் பாருங்கய்யா. அதுக்குத்தான மூணு பேர வெச்சிகீறாங்க."

அவள் தன் புடவையின் கீழ்க்கொசுவத்தை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச அஞ்சாத பெண்பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றது எனக்குப் புதிது. ஹேமந்த் என்னைப் பார்த்தான். "ரூல் நான் போடல சார். மேலேர்ந்து வந்தது" என்றான்.

நானும் சிவசங்கரும் ஹேமந்தும் கீழே இறங்கினோம். தளத்தின் அடிப்பகுதியை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி. கையில் ஆளுக்கொரு ஸ்பானர். இருபது நிமிடம் என்று ஹேமந்த் சொன்னான்.

இப்போது நான் சொல்வதை மட்டும் நீங்கள் நம்பலாம். நான் தேடவே இல்லை. காலை ஏழு மணிக்கு நாங்கள் மூவரும் இதே ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். அதற்குள் என்ன கெட்டுப் போயிருக்கும்? கங்கம்மாளுக்கு வயதாகிவிட்டது, வெயிலில் தலை சுற்றியிருக்கும், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இனித் தேட வேண்டியது காரணத்தை அல்ல, காரணமாகக் காட்டக்கூடிய ஒன்றை. மேலே காங்கிரீட் இன்னும் வந்து சேராத ஓரம் ஒன்று இருந்தது. அங்கே நிற்கிற ஜாக்கிகளுக்குப் பாரம் கிடையாது. மாநாட்டு மேடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் துணைத் தலைவர்கள் மாதிரி சும்மா நிற்கும். அதில் ஒன்றின் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் யாருக்கும் கேடில்லை, பதிவேட்டில் எழுத ஒரு வரி கிடைக்கும், பிறகு இறுக்கிவிடலாம். குனிந்து ஸ்பானரை மாட்டினேன். அடுத்த வரிசையிலும் ஒருவர் குனிந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் இந்தப் பக்கந்தான் பாக்கியளா?" என்றார் சிவசங்கர்.

"லூசா இருந்துச்சி. இறுக்கினு இருந்தேன்."

"நானும் இறுக்கத்தான் செய்தேன்."

அவருடைய ஸ்பானர் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னுடையதும் இடப்பக்கம்தான். இரண்டு வருடக் கூட்டங்களில் நாங்கள் இவ்வளவு முழுமையாக ஒத்துப்போனதில்லை.

"அந்தம்மா போயிட்டா நம்மள வையுறதுக்கு யாரு இருக்கா, அண்ணாச்சி" என்றார். பிறகு என் ஜாக்கியை எட்டிப் பார்த்து, "உங்களுது இன்னும் ஒரு சுத்து தளரணும். இப்பிடி இருந்தா அந்தப் பையன் கண்ணுல படாது" என்றார்.

தளர்த்தினேன். நிர்வாகம் சொன்னால் நல்லதுக்குத்தான் சொல்லும்.

இருபது நிமிடம் முடிந்து பதிவேட்டைச் சுற்றி மூவரும் நின்றோம். என் பகுதியில் ஒன்று என்றேன். என் பகுதியிலும் ஒன்று என்றார் சிவசங்கர். ஹேமந்த் பேனாவைத் திறந்தான். "என் சைடுலயும் ஒண்ணு இருக்கு சார்" என்றான். அவன் எழுதும்போது பார்த்தேன், கட்டைவிரலில் புது கிரீஸ். திருகுகளுக்கு முந்தின நாள்தான் கிரீஸ் போட்டிருந்தோம். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் விரலில் அது ஏறாது. சிவசங்கரும் அந்த விரலைப் பார்த்தார். ஹேமந்த் எங்கள் விரல்களைப் பார்த்தான். பிறகு மூவரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். காரணம்: தளர்ந்த ஜாக்கிகள், மூன்று. பதிவேட்டுத் தாளில் மூன்று கட்டைவிரல் ரேகையும் கறுப்பாக விழுந்திருந்தது, பத்திரம் பதிந்த மாதிரி.

மூன்றையும் இறுக்கச் சொல்லிவிட்டு, வேலையைத் தொடங்கலாம் என்று ஹேமந்த் மேலே பார்த்துக் கைகாட்டினான். பம்ப் இரைந்தது. கங்கம்மாள் ஏணியில் விடுவிடுவென்று இறங்கி வந்தாள்.

"எந்த மூணு?"

காட்டினோம். ஓரத்தில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, ஹேமந்துடையது இன்னும் கொஞ்சம் ஓரத்தில். அவள் மூன்றையும் பார்த்தாள், எங்கள் மூவரையும் பார்த்தாள். "அறிவுகீதா உங்களுக்கு" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

பிறகு நடந்தாள். ஜாக்கிகளுக்கு நடுவே, ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து எடுத்தபடி, தளத்தின் நடுப்பகுதிக்கு. அங்கே பெரிய உத்திரத்தின் அடியில், முந்தின இரவு முதல் கசிந்துகொண்டிருந்த தண்ணீர்க் குழாய் ஒன்று, நாங்கள் ஏழு மணிக்குத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு மண்ணை மெத்தென்று ஆக்கியிருந்தது. ஜாக்கி நிற்கிற அடிக்கட்டை ஒரு விரற்கடை கீழே போயிருந்தது. கங்கம்மாள் கை வைத்தாள். மேலே அடுத்ததாக இறங்கப்போகிற பாரத்தைத் தாங்க வேண்டிய ஜாக்கி, கதவு மாதிரி அசைந்தது. பக்கத்து ஜாக்கியும் அசைந்தது.

அது என் பகுதி.

சிவசங்கர் பம்பை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். என் விசிலை நான் ஊதியதாக மண்ணாங்கட்டி பிறகு சொன்னான், எனக்கு நினைவில்லை. எண்பது பேரும் ஓரத்துக்கு வந்து நின்றார்கள். மண்ணாங்கட்டி ஆட்களோடு வந்து கனமான மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, இரண்டுக்குப் பதில் ஐந்து ஜாக்கி வைத்து இறுக்கினான். சிவசங்கர் ஈர மண்ணில் உட்கார்ந்து தன் கையாலேயே குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ வந்து அதைக் கட்டும் வரை. நானும் ஹேமந்தும் மீதி ஆட்களும் ஆளுக்கொரு வரிசையாக ஒவ்வொரு ஜாக்கியையும் தட்டினோம். நானூற்றுப் பன்னிரண்டு. இந்த எண் பொய்யில்லை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் ஹேமந்த் அவள் காலைப் பார்த்தான். புடவைக் கொசுவத்துக்குக் கீழே வெறுங்கால். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட்.

"ஷூ எங்கம்மா?"

சைட்டில் பாதுகாப்பு ஷூ இல்லாமல் நடந்தால் அன்றைக்கே கேட் பாஸ் போகும். அதற்கு மூன்று வாய்ப்பெல்லாம் கிடையாது.

"தண்ணி டிரம்முக்குப் பின்னால கீது. அத மாட்டிக்கினா காலுக்கு ஒன்னும் தெரியமாட்டேங்குது சார். அதாலதான் ஊதறப்போ சொல்லல."

"தெரியறதுன்னா? என்ன தெரியும்?"

"சொன்னா இன்னா புரியும் உனுக்கு. பல்லு ஆடறதுக்கு முன்னாடி ஒரு கூச்சம் வருமே, அது மாரி. பலகைல வரும்."

ஹேமந்த் பதிவேட்டைத் திறந்தான். மூன்று என்று எழுதி மூன்று கையெழுத்தும் ஆகியிருந்தது. அதற்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் பேனா முனையை வைத்தான். சிவசங்கர் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றுமா என்று பார்த்தார். அன்றைக்குப் பொய் சொல்லும் என் கோட்டா முடிந்துபோயிருந்தது. ஹேமந்த் ஒன்றும் எழுதாமல் மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"போட்டது இன்னும் இறுகல சார். பத்து நிமிஷம் டைம் இருக்கு" என்றான் மண்ணாங்கட்டி.

எல்லோரும் மேலே ஏறினோம். பம்ப்காரன் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கங்கம்மாள் உத்திரத்துக்கு நேர் மேலே போய்க் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டாள். ஹேமந்த் பதிவேட்டை என்னிடம் கொடுத்தான். ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஷூ லேஸை அவிழ்த்தான். இரண்டு ஷூவையும் கோயில் வாசலில் விடுவது போல ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தான். வெள்ளை சாக்ஸையும் கழற்றி அதற்குள் சுருட்டினான். ஒரகடத்துக்கு வந்த நாளிலிருந்து வெயிலே படாத பாதங்கள்.

சிவசங்கர் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் அதே மேகத்தைப் பார்த்தேன்.

"இங்க நில்லு. கம்பிய மிதிக்காத" என்று கங்கம்மாள் அவன் முழங்கையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. "கண்ண மூடிக்கோ."

பம்ப் இருமியது. அந்தப் பக்கம் காங்கிரீட் கொழகொழவென்று இறங்கிப் பரவத் தொடங்கியது. எண்பது பேரும் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்கள். மேகத்தைவிட்டுக் கண்ணை மெல்லக் கீழே இறக்கினேன். பழுப்புப் பலகையின் மேல் அடுத்தடுத்து நான்கு பாதங்கள். ஹேமந்தின் இடது கட்டைவிரல் மட்டும் எதையோ கேட்டது போல ஒரு முறை உயர்ந்தது, பிறகு மெதுவாகப் பலகையில் படிந்தது.