மேல்காட்டுக் கிழங்கு

செத்துப்போன மாமனார் செங்கோடனைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்த பானுமதி, பக்கத்து வீட்டுப் பெருமாயி சொன்னதைக் கேட்டுக் குடத்தை அப்படியே கீழே வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. திண்ணனூரிலிருந்து துக்கத்துக்கு நடந்து வந்த சனம் பசித்திருக்குமே என்று பெருமாயி தன் வீட்டில் ஒரு அண்டா குச்சிக்கிழங்கு வேகவைத்து இறக்கியிருந்தாள்.

"எந்தக் காட்டுல புடுங்குனீங்கக்கா?"

"உங்க மேக்காட்டுலதான் கண்ணு. வருசா வருசம் அங்கதான தின்கிற கெழங்கு?"

மேல்காட்டுப் பக்கம் ரோடு வந்துவிட்டதால், லாரியில் ஏற்றத் தோதாக இருக்கட்டும் என்று மாமனார் இந்த வருசம் இடத்தை மாற்றி, தின்கிற கிழங்கைக் கீழ்க்காட்டில் நட்டிருந்தார். மேல்காட்டில் இப்போது இருப்பது ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் கசப்பு மரவள்ளி. வெறுமனே வேகவைத்துத் தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். அது தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் பெஞ்சில் கிடந்தார். பானுமதியின் மகள் அனுராதாவோ பெருமாயி வீட்டில் இருந்தாள்.

பானுமதி ஓடினாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வெல்லம் வைத்துக் கொடுத்தால் கசப்பு எங்கே தெரியப்போகிறது?

அனுராதாவுக்குத்தான் முதலில் போட்டிருந்தார்கள். கையிலிருந்த கிழங்கைத் தட்டிவிட்டு, அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள் பானுமதி. ஒன்றும் இல்லை. சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாளாம்.

அண்டாவைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினார்கள். பெருமாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பானுமதியே கீழ்க்காட்டில் பிடுங்கி வந்து பெருமாயி அடுப்பிலேயே வேகவைத்தாள். ஆனால் ஒருவரும் கை நீட்டவில்லை.

விருந்தாளிக்குப் போடுமுன் முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொள்வது செங்கோடன் வழக்கம். மாமாவால் வாயைக் கட்ட முடியாது என்று அவர் காதுபடவே இவள் கேலி பேசியிருக்கிறாள். அவரும் மென்றுகொண்டே சிரிப்பார். அது சோதித்துப் பார்க்கத்தான் என்று இப்போது புரிய, வெட்கமாக இருந்தது. கீழ்க்காட்டிலும் பழைய கசப்புச் செடி ஒன்றிரண்டு முளைத்திருந்து, அவசரத்தில் தானும் செடி மாறிப் பிடுங்கியிருந்தால் என்ற பயம் வேறு.

பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டு ஆள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடக் கூடாது. அத்தனை பேர் பார்க்க, பானுமதி ஒரு துண்டை எடுத்தாள். வெல்லம் இல்லாமல் வாயில் போட்டு மென்றாள்.

அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுராதா இலையை நீட்டினாள்.